வைஃபை மெதுவாகிறதா, அறுந்துபோகிறதா, எச்சரிக்கிறதா? பூட்டைப் பாருங்கள்

பினாங்கு ஜெலுத்தோங்கில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் யார் வீட்டு இணையம் தகராறு செய்தாலும் என் வீட்டுக் கதவுதான் தட்டப்படும். "தம்பி, லைன் ரொம்ப ஸ்லோ, கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்பார்கள். போய்ப் பார்த்தால் பாதி வீடுகளில் லைனில் ஒரு குறையும் இருக்காது. கோளாறு ரவுட்டரின் பாதுகாப்பு அமைப்பில் இருக்கும்.

"பாஸ்வேர்டு போட்டிருக்கோமே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். பாஸ்வேர்டு சாவி மட்டும்தான். அந்தச் சாவி எந்தப் பூட்டில் நுழைகிறது என்பதை ரவுட்டரில் வேறொரு வரி தீர்மானிக்கிறது. சமையலறை அலமாரிக்குப் போடும் சின்னப் பூட்டை வாசல் கதவில் மாட்டிவிட்டு, சாவியைப் பத்திரமாக இடுப்பில் முடிந்துகொண்டு என்ன பயன்? அந்த ஒரு வரியைத் திறந்து பார்க்க எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்ற ஆசையில் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஒன்றுதான். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். 192.168.0.1 அல்லது 192.168.1.1 போன்ற ஒரு முகவரியும், நிர்வாகப் பெயரும், அதற்கான பாஸ்வேர்டும் இருக்கும். வீட்டு வைஃபையில் இணைந்தபடி உலாவியில் அந்த முகவரியைத் தட்டி உள்ளே போங்கள். 'வயர்லெஸ்' பக்கத்துக்குள் 'செக்யூரிட்டி' என்ற வரி இருக்கும். நாம் அடிக்கடி திரும்பி வரப்போகும் இடம் அது.

கைப்பேசியில் வைஃபை பெயருக்குக் கீழே 'வீக் செக்யூரிட்டி' என்று வருகிறது

ஐஃபோனில் ஐஓஎஸ் 14 முதல் இந்த எச்சரிக்கை வருகிறது. விண்டோஸ் 10-உம் 2019-இல் இப்படிச் சொல்லத் தொடங்கியது. பலர் இதைக் கைப்பேசியின் கோளாறு என்று நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். கைப்பேசி உண்மையைத்தான் சொல்கிறது. உங்கள் ரவுட்டர் டபிள்யூஇபி அல்லது டிகேஐபி என்ற பழைய பூட்டு முறையில் ஓடுகிறது.

டபிள்யூஇபி 1997-இல் வைஃபை தரத்தோடு பிறந்தது. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் பூட்டும்போது உங்கள் சாவிக்கு முன்னால் 24 பிட் நீளமுள்ள ஓர் எண்ணை ஒட்டும். பொட்டலத்துக்குப் பொட்டலம் அந்த எண் மாற வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் 24 பிட்டில் மொத்தம் 16,777,216 எண்கள்தான் உண்டு. வேலை மும்முரமான நெட்வொர்க்கில் சில மணி நேரத்தில் எண்கள் தீர்ந்து, பழையவை திரும்ப வரும். ஒரே எண் இரு முறை வந்தால் இரண்டு பொட்டலங்களும் ஒரே முறையில் பூட்டப்பட்டிருக்கும். அவற்றை ஒப்பிட்டே உள்ளே இருப்பதை ஊகிக்கலாம். இது போதாதென்று, 2001-இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். அந்த ஒட்டு எண்களில் சில, சாவியையே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகின்றன. 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 40,000 பொட்டலங்களை வைத்தே பாதிக்குப் பாதி வாய்ப்புடன் சாவியை மீட்டுவிட்டார்கள். வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. இதில் கவனிக்க வேண்டியது, பாஸ்வேர்டு எவ்வளவு கடினமானது என்பது எங்குமே குறுக்கே வரவில்லை. சாவியை எவ்வளவு நுட்பமாகச் செதுக்கினாலும் பூட்டே அதை ஊருக்குச் சொல்லிவிடுகிறது.

டிகேஐபி 2003-இல் டபிள்யூபிஏ என்ற பெயரோடு வந்த இடைக்கால ஏற்பாடு. ஏற்கெனவே விற்றுப்போன கருவிகளைத் தூக்கி எறியாமல் மென்பொருளை மட்டும் மாற்றித் தப்பிக்கலாம் என்று செய்தார்கள். உள்ளே ஓடுவது டபிள்யூஇபியில் இருந்த அதே பழைய ஆர்சி4 பூட்டு எந்திரம். 2008-இல் அதிலும் ஓட்டை கண்டார்கள். முறையான மாற்று 2004-லேயே வந்துவிட்டது: டபிள்யூபிஏ2, அதனுள் ஏஇஎஸ் என்ற வலுவான பூட்டு எந்திரம்.

ஆகவே 'செக்யூரிட்டி' வரியில் 'டபிள்யூபிஏ2 பெர்சனல்', அதற்குக் கீழே 'ஏஇஎஸ்' என்று தேர்ந்தெடுங்கள். 'டபிள்யூபிஏ3' இருந்தால் இன்னும் நல்லது; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 'டபிள்யூபிஏ/டபிள்யூபிஏ2 மிக்ஸ்டு' என்ற தேர்வு பாதுகாப்பானது போலத் தோன்றும். அதில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாகப் போகும் செய்திகள் டிகேஐபியில்தான் பூட்டப்படும். அதை விட்டுவிடுங்கள்.

மாற்றிய பிறகும் எச்சரிக்கை போகவில்லை என்று திரும்ப என்னைக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பக்கத்தில் மட்டும் மாற்றியிருப்பார்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பக்கம், விருந்தினர் வைஃபைக்கு இன்னொரு பக்கம். மூன்றையும் மாற்றுங்கள். பிறகு கைப்பேசியில் அந்த வைஃபையை 'மறந்துவிடு' என்று சொல்லிவிட்டுப் புதிதாக இணையுங்கள். ஐஃபோனில் 'பிரைவசி வார்னிங்' என்று வந்தால் அது வேறு விஷயம், பூட்டோடு சம்பந்தமில்லை.

புதிய பேக்கேஜ் போட்டும் வேகம் ஏறவில்லை. கணினி 54 எம்பிபிஎஸ் என்றே காட்டுகிறது

இந்த எண்ணைக் கண்டால் எனக்கு உடனே பொறி தட்டும். 54 என்பது 2003-ஆம் ஆண்டு வைஃபையின் உச்ச வேகம். அதற்கு அடுத்து வந்த 802.11என் தரம் டபிள்யூஇபி, டிகேஐபி இரண்டுக்கும் தன் புதிய வேகங்களைத் தர மறுத்துவிட்டது. பூட்டு பழையதாக இருந்தால் எவ்வளவு புதிய ரவுட்டரானாலும் வண்டி 54-ஐத் தாண்டாது.

ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாருக்குப் பக்கத்தில், ஓர் அண்ணனின் துணிக்கடையில் இதைப் பார்த்தேன். 300 எம்பிபிஎஸ் பேக்கேஜுக்கு மாதா மாதம் பணம் கட்டுகிறார். கல்லாவில் இருக்கும் கணினியில் 20-ஐத் தாண்டவில்லை. சேவை நிறுவனத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்து, "லைன் ஓகே" என்று சொல்லிப் போய்விட்டார்கள். கணினியில் வைஃபையின் 'பிராப்பர்டீஸ்' பக்கத்தைத் திறந்தேன். இணைப்பு வேகம் 54, செக்யூரிட்டி டைப் டபிள்யூஇபி. புத்தம் புது ரவுட்டரில் டபிள்யூஇபி எப்படி வந்தது? விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. கிடங்கில் சரக்கு எண்ண ஒரு பழைய பார்கோடு கருவி இருந்தது. அது புது ரவுட்டரில் இணையாததால், வைத்துக் கொடுத்தவர் அதற்காக மொத்தக் கடையின் பூட்டையும் இறக்கிவிட்டார். கடன் வாங்கியவர்களின் பெயர், கைப்பேசி எண், பாக்கித் தொகை எல்லாம் அந்தக் கணினியில்தான் இருந்தன. வெளியே கடைவாசலை ஒட்டிய ஐந்தடி நடைவழியில் நாற்காலி போட்டு உட்காரும் யாருக்கும் சிக்னல் முழுசாகக் கிடைக்கும்.

ஒரு பழைய கருவிக்காக மொத்த வீட்டின் பூட்டையும் இறக்காதீர்கள். 2006 மார்ச்சிலிருந்து வைஃபை சான்றிதழ் பெறும் எல்லாக் கருவிக்கும் டபிள்யூபிஏ2 கட்டாயம். அது தெரியாத கருவி இருபது வயதைத் தொட்டுவிட்டது என்று பொருள். முடிந்தால் அதற்கு ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஓய்வு கொடுங்கள். அண்ணனின் கடையில் கேபிள் இழுத்தோம். பூட்டை மாற்றி ரவுட்டர் மறுபடி எழுந்ததும், அதே கணினியில் வேகம் 200-ஐத் தாண்டியது. அவருக்கு வேகம் வந்ததில் சந்தோஷம். எனக்கு அந்தக் கடன் கணக்கு தெருவுக்குத் திறந்து கிடக்கவில்லையே என்ற நிம்மதி.

ரவுட்டர் பட்டியலில் தெரியாத கருவிகள் இருக்கின்றன

பதறுவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 10 முதல் கைப்பேசிகள் தம் உண்மையான கருவி முகவரியை மறைத்து, வைஃபைக்கு ஏற்ப ஒரு போலி முகவரியைக் காட்டுகின்றன. உங்கள் மகளின் கைப்பேசியே அடையாளம் தெரியாத ஆளாகப் பட்டியலில் நிற்கலாம். வீட்டிலுள்ள எல்லாவற்றின் வைஃபையையும் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள். எல்லாம் அணைந்த பிறகும் பட்டியலில் ஒன்று நின்றால், அது வெளியாள்.

வெளியாள் எப்படி நுழைந்தார்? டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் போட்டிருந்தும் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி டபிள்யூபிஎஸ். ரவுட்டரில் பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்கப் பின் எண்ணைத் தட்டியோ இணைக்கும் வசதி இது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு, யாரால் முடியும் என்று தோன்றும். 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபொக் என்ற ஆய்வாளர் அந்தக் கணக்கை உடைத்துக் காட்டினார். ரவுட்டர் முதல் நான்கு இலக்கங்களைத் தனியாகச் சரிபார்த்து, "பாதி சரி" என்று தானே சொல்லிவிடுகிறது. அதற்கு 10,000 முயற்சி போதும். கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆக, இரண்டாம் பாதியில் மிச்சம் மூன்று இலக்கம், 1,000 முயற்சி. கூட்டினால் 11,000. பக்கத்து வீட்டிலிருந்து சில மணி நேரத்தில் முடித்துவிடலாம். பின் எண் கிடைத்தால் ரவுட்டரே உங்கள் பாஸ்வேர்டை எடுத்துக் கொடுத்துவிடும். நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும் பின் எண் மாறாததால் அவர் மறுபடியும் வருவார். "மூணு தடவை மாத்திட்டேன், திரும்பத் திரும்ப வராங்க" என்று யாராவது சொன்னால் நான் முதலில் டபிள்யூபிஎஸ் பக்கத்தைத்தான் திறப்பேன். அதை முழுதாக அணையுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். வரிசை முக்கியம்.

இரண்டாவது வழி, ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு. கைப்பேசி ரவுட்டரோடு இணையும்போது இரண்டும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. அதைக் காற்றில் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு லேப்டாப் போதும். 2018-இல் கண்ட இன்னொரு முறைக்கு, யாரும் இணையும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ரவுட்டரிடம் கேட்டாலே சரிபார்க்கத் தேவையான துண்டு கிடைத்துவிடுகிறது. அதன்பின் ஆள் உங்கள் மாடிப் பக்கமே வர வேண்டாம். தன் வீட்டில் உட்கார்ந்து லட்சக்கணக்கான ஊகங்களைக் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். டபிள்யூபிஏ2 ஒவ்வோர் ஊகத்துக்கும் 4,096 சுற்றுக் கணக்கு போட வைத்து வேகத்தைக் குறைக்கிறது. என்றாலும் இன்றைய நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பல லட்சம் ஊகங்களைத் தாங்கும்.

நம்மவர்கள் வீடுகளில் நான் பார்க்கும் பாஸ்வேர்டுகளை நினைத்தால் மனசு கேட்பதில்லை. பாதிக்கு மேல் 01-இல் தொடங்கும் கைப்பேசி எண். மிச்சத்தில் பிள்ளையின் பிறந்த தேதி. நூறு ஆண்டுகளில் மொத்தம் சுமார் 36,500 தேதிகள்தான். கார்டுக்கு அது ஒரு நொடி வேலைகூட இல்லை. எட்டு இலக்க எண் எதுவானாலும் பத்துக் கோடிக்குள் அடங்கும், சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஐசி என்ற மலேசிய அடையாள அட்டை எண்ணும் வேண்டாம். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பினாங்கில் பிறந்தவருக்கு 07 என்று எல்லோருக்கும் தெரியும். மிச்சம் நான்குதான்.

வைஃபை பாஸ்வேர்டில் தமிழ் எழுத்து போகாது. 8 முதல் 63 வரை ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளும்தான். ஆனால் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்கள்: சுண்டல், தகரம், நூலேணி, மிளகாய், படித்துறை, இந்த மாதிரி. எழுத்துக்கூட்டலும் உங்கள் இஷ்டம். பாட்டிக்கும் நினைவிருக்கும், எந்திரத்துக்கும் எட்டாது. இங்கே அச்சிட்டதை அப்படியே எடுக்காமல் வீட்டில் கண்ணில் படுவதை வைத்துப் பொறுக்குங்கள். குறளின் முதல் அடியும் 'ஓம் முருகா'வும் வேண்டாம். உங்களைத் தெரிந்தவர் முதலில் தட்டிப் பார்ப்பது அவற்றைத்தான்.

எல்லாருடைய கைப்பேசியும் ஒரே நேரத்தில் அறுந்து, மறுபடி இணைகிறது

அடுக்குமாடியில் இதற்குப் பெரும்பாலும் காரணம் நெரிசல்தான். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. ஒரு மாடிக்குப் பத்து வீடு என்றால் எல்லாரும் அந்த மூன்றில் முட்டிக்கொள்வார்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிப் பாருங்கள். அங்கும் அறுந்தால் 36 முதல் 48 வரையுள்ள சேனலை வையுங்கள். 52-லிருந்து தொடங்கும் பல சேனல்களை ரேடாரோடு பங்கிட வேண்டியிருப்பதால் ரவுட்டர் திடீரென்று இடம் மாறும்.

அப்படியும் தீராமல், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் அடுக்கடுக்காக அறுந்தால் இன்னொரு சந்தேகம் நியாயமானது. வைஃபையில் உங்கள் தரவு பூட்டப்பட்டாலும் "இணைப்பைத் துண்டி" போன்ற நிர்வாகச் செய்திகள் பழைய முறையில் பூட்டில்லாமலே போகின்றன. ரவுட்டரின் பெயரில் யார் வேண்டுமானாலும் அதை அனுப்பலாம். துண்டித்தால் கைப்பேசி மறுபடி இணையும். இணையும்போது மேலே சொன்ன அந்த நான்கு செய்திகளைப் பிடிக்கலாம். துண்டிப்பதன் நோக்கம் பல நேரம் அதுதான். 2009-இல் வந்த 802.11டபிள்யூ இதற்கு மருந்து. ரவுட்டரில் 'புரொடெக்டட் மேனேஜ்மென்ட் ஃப்ரேம்ஸ்' அல்லது 'பிஎம்எஃப்' என்று தேடி, 'கேப்பபிள்' அல்லது 'ஆப்ஷனல்' என்று வையுங்கள். 'ரிக்வயர்டு' என்று வைத்தால் பழைய கருவிகள் வெளியே நின்றுவிடும்.

டபிள்யூபிஏ3-க்கு மாற்றியதும் கேமராவும் பிரிண்டரும் காணாமல் போயின

அவற்றுக்கு டபிள்யூபிஏ3 தெரியாது, அவ்வளவுதான். பலர் இந்த இடத்தில் வெறுத்துப்போய்ப் பழைய 'மிக்ஸ்டு'க்கே திரும்பிவிடுகிறார்கள். விருந்தினர் வைஃபையை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்ஸில் வேறு பாஸ்வேர்டோடு திறந்து, கேமரா, பிளக் போன்றவற்றை அதில் தள்ளுங்கள். கைப்பேசியும் கணினியும் டபிள்யூபிஏ3-இல் இருக்கட்டும். 2018-இல் வந்த இந்த முறையில், காற்றில் பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப்போய் ஊகித்துப் பார்க்க முடியாது; ஒவ்வோர் ஊகத்துக்கும் ரவுட்டரின் முன் வந்து நிற்க வேண்டும். 2019-இல் இதிலும் சில ஓட்டைகள் கண்டு அடைத்தார்கள். இருந்தும், இன்று வீட்டுக்குக் கிடைப்பதில் இதுவே நல்ல பூட்டு.

ஒரே பெயரில் இரண்டு வைஃபை தெரிகிறது, ஒன்றில் பூட்டுக் குறி இல்லை

பூட்டில்லாததைத் தொடாதீர்கள். யாரோ உங்கள் வைஃபையின் பெயரைத் தன் கருவிக்கு வைத்திருக்கலாம். இணைந்ததும் ஒரு பக்கம் திறந்து, "ரவுட்டர் புதுப்பிக்கப்படுகிறது, பாஸ்வேர்டைத் தட்டுங்கள்" என்று கேட்டால் அது பொறி. வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டைக் கைப்பேசியின் வைஃபை அமைப்புதான் கேட்கும். இணையப் பக்கம் கேட்காது.

மாமாக் கடையிலோ ஃபெரிக்குக் காத்திருக்கும்போதோ இலவச வைஃபையில் இணைந்தால், கிளம்பும்போது அதை 'மறந்துவிடு' என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அதே பெயரை எங்கே கண்டாலும் கைப்பேசி தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

வைஃபை நன்றாக இருக்கிறது, ஆனால் வங்கிப் பக்கம் வேறு மாதிரித் திறக்கிறது

இது பூட்டைத் தாண்டி ரவுட்டருக்குள்ளேயே ஆள் வந்ததன் அடையாளமாக இருக்கலாம். உடனே நிறுத்துங்கள். அதே பக்கத்தைக் கைப்பேசியின் மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்து வைஃபையில் மட்டும் மாறினால், ரவுட்டரின் டிஎன்எஸ் வரியைப் பாருங்கள் (தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரியை யாரிடம் கேட்பது என்று குறிக்கும் வரி அது). நீங்கள் வைக்காத முகவரி அங்கே இருந்தால், ரவுட்டரின் பின்புறத் துளையில் ஊசியை விட்டுப் பத்து விநாடிக்கு மேல் அழுத்தித் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவாருங்கள். அமைத்து முடித்ததும் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வெளியிலிருந்தே ரவுட்டரை இயக்க விடும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்'டை அணையுங்கள். நிர்வாகப் பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. முதலாவதை மாற்றாமல் விட்ட வீடுகளை இன்னும் வாரா வாரம் பார்க்கிறேன்.

அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே விவரம் கொடுத்துவிட்டீர்கள், பணம் போயிருக்கிறது என்றால் ரவுட்டரை அப்புறம் பார்க்கலாம். உங்கள் வங்கியை அழையுங்கள், அல்லது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997-ஐ அழையுங்கள். ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ரவுட்டரை வாங்கி ஏழெட்டு ஆண்டாயிற்று

அறிகுறி இல்லாத நோய் இது. 2017 அக்டோபரில் பெல்ஜிய ஆய்வாளர் மாத்தி வான்ஹோஃப் டபிள்யூபிஏ2-இலேயே ஓட்டை கண்டார். இணையும்போது வரும் மூன்றாவது செய்தியை மறுபடி அனுப்பினால், கைப்பேசி ஏற்கெனவே போட்ட சாவியைத் திரும்பப் போட்டு, பொட்டலத்துக்குப் பொட்டலம் மாற வேண்டிய எண்ணைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். ஆண்ட்ராய்டு 6-இல் சாவியே வெறும் பூஜ்யமாகிப்போனது. 2021-இல் அவரே வெளியிட்ட இன்னொரு கொத்து ஓட்டைகளில் சில, 1997-ஆம் ஆண்டு வடிவமைப்பிலிருந்தே கூட வந்தவை. இரண்டுக்கும் மருந்து மென்பொருள் புதுப்பிப்புதான், ரவுட்டருக்கு மட்டுமல்லாமல் கைப்பேசிக்கும். பாட்டியின் கைக்குப் போன பழைய ஆண்ட்ராய்டுக்குப் புதுப்பிப்பு நின்றுபோயிருந்தால், அதில் வங்கிச் செயலியை வைக்காதீர்கள். ரவுட்டரில் 'ஃபர்ம்வேர்' பக்கத்தைத் திறந்து கடைசிப் புதுப்பிப்பின் தேதியைப் பாருங்கள். மூன்று நான்கு ஆண்டாக ஒன்றும் வரவில்லையென்றால், புதியதற்குச் செலவழிக்கும் காசு வீண் இல்லை. பெட்டியில் டபிள்யூபிஏ3 என்று போட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பழையதைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன் அந்த ஊசித் துளையை ஒருமுறை அழுத்துங்கள். லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் நான் வாங்கிய ஒரு ரவுட்டரை வீட்டில் செருகியபோது, முந்தைய குடும்பத்தின் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே எழுந்து வந்தன. பாஸ்வேர்டு ஒரு கைப்பேசி எண். அழைத்துச் சொன்னேன். எடுத்த அக்கா புது ரவுட்டரிலும் அதே எண்ணைத்தான் வைத்திருந்தார். அன்று மாலையே போனில் கூட இருந்து மாற்றிக் கொடுத்தேன்.